பெரிய எழுத்தைச் சின்னதாக்குற வேலை: கேளுங்க, சொல்றேன்

கோத்தகிரி பக்கம் எங்க கேரட் தோட்டத்துல பனி விழற நாள்ல விடியறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்க்ளர் ஓடணும், அதுக்கு ஆர்டுயினோ ஊனோங்கற சின்ன ப்ரோக்ராம் போர்டும் சிம் போடற ஜிஎஸ்எம் மாட்யூலும் வெச்சு எஸ்எம்எஸ்ல மோட்டார் போடற மாதிரி பண்ணிருக்கேன். அதைப் பாத்துட்டு கேட்டவங்களுக்கு பதில்.

குன்னூர்ல இருந்து: அக்கா, நான் 'ஆன்'னு இங்கிலீஷ்ல அனுப்பினா மோட்டார் ஓடுது, அப்பா அனுப்பினா ஓடல!

அப்பா போன் முதல் எழுத்தைத் தானா பெரிசாக்கிடுதுப்பா. போர்டுக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு நம்பர்: பெரிய ஓ 79, சின்ன ஓ 111, ரெண்டும் வேற வேற. வந்த மெசேஜை ட்ரிம் பண்ணி (ரெண்டு ஓரத்துலயும் இருக்கற வெற்றிடத்தை வெட்டி), டுலோயர்கேஸ் பண்ணிட்டு (எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்கிட்டு) அப்புறம் ஒப்பிடு.

கூடலூர்: பி = ஏ.டுலோயர்கேஸ்() போட்டா எரர் வருதுங்க.

வரத்தான் செய்யும். அது ஏ-வையே மாத்திடும், எதையும் திருப்பித் தராது. தனி வரியா எழுதுங்க, பழசும் வேணும்னா முன்னாடியே காப்பி எடுத்துக்கோங்க. ஒப்பிட மட்டும்னா, பெரிசு சின்னது பாக்காத ஈக்வல்ஸ்இக்னோர்கேஸ் போதும்.

ஊட்டி: பெரிய எழுத்தோட நம்பர்ல 32 கூட்டினா முடிஞ்சுதே, எதுக்கு ஃபங்ஷன்?

ஏற்கெனவே சின்ன எழுத்தா இருந்தா 111 போய் 143 ஆயிடும், குப்பை. சரி கூட்டாம 32-ஐ ஆர் போடலாம்னு (32-க்கான பிட்டை மட்டும் 1 ஆக்கறது) நானும் புத்திசாலித்தனமா பண்ணேன், எழுத்து எல்லாம் சரியா வந்துச்சு, எண்ணுக்கும் ஒண்ணும் ஆகல ஏன்னா அந்த பிட் அதுல ஏற்கெனவே இருக்கு, ஆனா கடைசில வர வரிமுடிவுக் குறி, நியூலைன், 10, அது 42 ஆகி நட்சத்திரமா நின்னுச்சு, ட்ரிம்முக்கும் அது தெரியல, அன்னிக்கு காலைல மோட்டார் ஓடவே இல்ல, ஒரு பாத்தி கேரட் இலை கருகிப்போச்சு. ஒவ்வொரு எழுத்தா மாத்தற டுலோயர் பெரிய எழுத்தை மட்டும்தான் தொடும், அதையே வெச்சுக்கோங்க.

குன்னூர் தம்பி மறுபடி: ஊனோல மெசேஜை வெக்கற ஸ்ட்ரிங்கே வேணாம்ங்கறாங்களே?

ரேம் 2 கேபிதான். ஆனா டுலோயர்கேஸ் புது இடம் எதுவும் கேக்காது, அந்த இடத்துலயே மாத்தும். ஸ்ட்ரிங்கை ஒட்டி ஒட்டி நீட்டறதுதான் மெமரியைத் துண்டு துண்டாக்கும். பயமா இருந்தா கேர் அரே (எழுத்துகளை வரிசையா வெக்கற நீளம் மாறாத இடம்) வெச்சு லூப்ல ஒவ்வொண்ணா டுலோயர் பண்ணு.

கூடலூர்: எங்கம்மா தமிழ்ல 'ஆன்'னு அனுப்பினா?

தமிழ்ல பெரிசு சின்னதே கிடையாது, நிம்மதி. ஆனா மாட்யூல் அந்தத் தமிழ் 'ஆன்' மெசேஜை 12 ஹெக்ஸ் எழுத்தாக் (0-9, ஏ-எஃப்) குடுக்கும், அதுல ஏ, பி, சி, டி எல்லாம் பெரிய எழுத்து. நீங்க டுலோயர்கேஸ் பண்ணா அதுவும் சின்னதாயிடும், அதனால ஸ்கெட்ச்ல (போர்டுல போடற ப்ரோக்ராம்ல) ஒப்பிட வெச்சிருக்கறதையும் சின்ன எழுத்துலயே எழுதிடுங்க.