குமிழி விடுதல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 42. சிறுவயதில் எதிலும் தயங்காமல் இறங்கிவிடுவேன். இப்போது நீச்சல் வகுப்பில் சேர்ந்து மூன்றாம் நாளே நின்றுவிட்டேன். தினமும் கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எரிச்சல்தான் வந்தது. அந்தப் பழைய நம்பிக்கை திரும்ப வருமா?

ச.

அன்புள்ள ச,

எரிச்சல் வந்ததில் வியப்பில்லை. தன்னைப் பற்றி நல்ல வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வதை உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் சோதித்தார்கள். தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு அதனால் மனநிலை இன்னும் மோசமானது. நம்பாததைச் சொன்னால் மனம் எதிர்வாதம் செய்யும்.

குழந்தை மட்டும் தன்னை நம்பிக்கொண்டா நடக்கிறது? குழந்தைகளின் நடையை ஆராயும் உளவியலாளர் காரென் அடால்ஃப் குழுவினர் 2012-இல் வெளியிட்ட கணக்கு: விளையாடும் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் மணிக்குச் சராசரியாக 2,368 எட்டுகள் வைத்தன, 17 முறை விழுந்தன. விழுந்ததை வைத்து எந்தக் குழந்தையும் தனக்கு நடை வராது என்று முடிவுகட்டுவதில்லை. ஏழெட்டு வயதுக்கு மேல் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடும் பழக்கம் வலுக்கிறது. தொல்லையும் அதோடு வருகிறது.

‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதினார். செய்து முடித்த அனுபவத்துக்கே அவர் முதலிடம் தந்தார். பிறர் ஊட்டும் தைரியம் அதைவிட வலுக்குறைந்தது.

ஆகவே நீச்சல் குளத்துக்கே திரும்புங்கள். நெஞ்சளவுத் தண்ணீர் போதும், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கட்டும். முதல் சில நாட்கள் நீந்த வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை அமிழ்த்தி, மூக்கு வழியே மெதுவாகக் குமிழி விடுங்கள். அது பழகியதும் முழங்காலைக் கட்டிக்கொண்டு மிதப்பது. பிறகு, மிதக்கும் நிலையிலிருந்து காலூன்றி நிற்பது. இந்த எழுந்து நிற்பதை ஒரு தனிப் பயிற்சியாகப் பழகாமல் தாண்டிவிடுகிறவர்களே அதிகம். எழ முடியாதோ என்கிற பயம் அப்படியே தங்கிவிடும்.

தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்து வைத்தால் கரியமில வாயு கூடி மூச்சு முட்டும். பதறித் தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் இறங்கிவிடும். ‘எனக்கு வராது’ என்று நீங்கள் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

அளவுக்கு என் கைக்கணக்கு ஒன்று சொல்கிறேன். பத்துத் தடவையில் ஏழெட்டு சரியாக வருகிற வேலையைப் பிடியுங்கள். பத்தும் வந்தால் அடுத்ததற்குப் போகலாம். மூன்றுக்குக் கீழே போனால் வேலையைப் பாதியாக உடையுங்கள்.

ஒரு நோட்டும் வேண்டும். இறங்குமுன் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒரு வரியில் எழுதுங்கள்: ‘மூன்றாவது தடவை திணறுவேன்.’ ஏறியதும் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். ‘நன்றாகச் செய்தேன்’ என்றெல்லாம் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

வேடிக்கை பார்ப்பதானால் உங்களுக்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்தவரைப் பாருங்கள். கடைசிப் பாதையில் பாய்ந்து போகிறவரைப் பார்க்காதீர்கள்.