டீசலுக்குப் பத்து ரூபாய் கூடினால் ஒரு ஏக்கர் நெல்லுக்கு எவ்வளவு கூடும்?

டீசல் விலை லிட்டருக்குப் பத்து ரூபாய் உயர்ந்தால் ஒரு ஏக்கர் நெல் சாகுபடிக்கு எவ்வளவு கூடுதலாகச் செலவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். உழுவதற்குச் செலவாகும் டீசலின் அளவைப் பத்தால் பெருக்கினால் விடை கிடைத்துவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரிப் பாசனத்தின் கடைமடையில், ஒரு வேலி (ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர்) நிலத்தில் சம்பா சாகுபடி செய்யும் குடும்பம் எங்களுடையது. பல ஆண்டுகளாக வரவு செலவு நோட்டு என் கையில் இருப்பதால், அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் சொன்ன பெருக்கல் கணக்கையே போட்டுப் பார்ப்போம். கோடை உழவுக்கும் இரண்டு சால் சேற்றுழவுக்கும் சேர்த்து ஏக்கருக்கு மூன்றரை மணி நேரம் டிராக்டர் ஓடுகிறது; மணிக்கு ஐந்து லிட்டர் என்று கொண்டால் பதினேழு, பதினெட்டு லிட்டர். வாய்க்காலில் தண்ணீர் ஒழுங்காக வரும் ஆண்டில், தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினுக்கு எட்டு முதல் பத்து லிட்டர் போதும். அறுவடைக்குச் செயின் வண்டி (சக்கரத்துக்குப் பதில் சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) ஒன்றேகால் மணி நேரம் ஓடினால் பன்னிரண்டு லிட்டர். வைக்கோல் கட்டுவதற்கும், நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் நான்கைந்து லிட்டர். ஆக, நல்ல ஆண்டில் ஏக்கருக்கு நாற்பது முதல் நாற்பத்தைந்து லிட்டர். டீசலுக்குப் பத்து ரூபாய் கூடினால் நானூறு, நானூற்றைம்பது ரூபாய்தான் கூட வேண்டும். காகிதத்தில் இந்தக் கணக்கு சரிதான். ஆனால் ஒரு ஆண்டுகூட என் நோட்டில் இப்படி வந்ததில்லை.

காரணம் எளிது. எங்களைப் போன்ற சிறு விவசாயிகள் பெட்ரோல் பங்கில் நேரடியாக டீசல் வாங்குவது ஆயில் எஞ்சினுக்கு மட்டுமே. மற்றதெல்லாம் மணிக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கும் வாடகைக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வாடகை டீசல் ஏறும்போது ஏறுகிறது, இறங்கும்போது இறங்குவதில்லை. 2020 செப்டம்பரில் சென்னையில் டீசல் 79 ரூபாயை ஒட்டி இருந்தபோது எங்கள் பகுதியில் டிராக்டருக்கு மணிக்கு 800 ரூபாயும், செயின் வண்டிக்கு 2,000 ரூபாயும் கொடுத்தோம். 2021 அக்டோபரில் டீசல் நூறு ரூபாயைத் தாண்டியவுடன் இரண்டு வாடகையும் ஏறின. அந்த நவம்பரில் மத்திய அரசு கலால் வரியைப் பத்து ரூபாய் குறைத்தது. 2022 மே மாதத்தில் மேலும் ஆறு ரூபாய் குறைத்தது. சென்னை விலை 94 ரூபாய் அளவுக்கு வந்தது. ஆனால் 2022 சம்பாவுக்கு நாங்கள் கொடுத்தது டிராக்டருக்கு 1,050, செயின் வண்டிக்கு 2,500. இரண்டு ஆண்டுகளில் டீசல் கூடியது பதினைந்து ரூபாய். உழவுக்கும் அறுவடைக்கும் செலவாகும் முப்பது லிட்டருக்கு 450 ரூபாய். வாடகையில் கூடியதோ ஏக்கருக்கு ஏறத்தாழ 1,500 ரூபாய். அந்தப் பருவத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்துச் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,115 ரூபாய் கிடைத்தது. அறுபது கிலோ மூட்டைக்குக் கணக்கிட்டால், ஒரு மூட்டைக்கும் மேற்பட்ட நெல் வாடகை உயர்வுக்கே போயிற்று.

வண்டிக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அறுவடை இயந்திரங்களில் பெரும்பாலானவை ஆத்தூர், கள்ளக்குறிச்சிப் பக்கங்களிலிருந்து லாரியில் ஏறி இங்கே வருகின்றன. அந்த லாரியும் டீசலில்தான் ஓடுகிறது. செயினும் பேரிங்கும் விலை ஏறுகின்றன, ஓட்டுநரின் படி ஏறுகிறது, வங்கித் தவணையைத் தள்ளிப்போட முடிவதில்லை. எங்கள் வயலில் அறுக்க வந்த ஓட்டுநர் ஒருவர், அறுவடை தொடங்குமுன் டேங்கு மூடியைத் திறந்து ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு எடுத்து, டீசல் நனைத்த இடத்தில் நகத்தால் கீறி என்னிடம் காட்டினார். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், அறுத்து முடித்தபின் அதே குச்சியை மறுபடி விட்டு, இரண்டு கீறல்களுக்கும் நடுவே நான்கு விரல்களை வைத்துக் காட்டி, “இவ்வளவும் உங்க சேத்துக்குப் போச்சுங்க” என்றார். அன்று வயலில் கணுக்கால் அளவு சேறு இருந்தது. காய்ந்த வயலில் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

உற்பத்திச் செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் கவனிக்காமல் விடுவது இந்த மணிக் கணக்கைத்தான். விலை உயர்வு ஒரு மடங்கு என்றால், மழையும் வறட்சியும் அதைப் பல மடங்காக்கிவிடுகின்றன. 2021 பொங்கலை ஒட்டிப் பெய்த பருவம் தப்பிய மழையில் டெல்டா முழுவதும் அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர் சாய்ந்தது. தண்ணீரில் படுத்த கதிரை இயந்திரம் ஒரு பக்கமாக மட்டுமே அறுக்க முடியும்; அறுத்துக்கொண்டே போய், வெறுமனே திரும்பி வந்து, மறுபடி தொடங்க வேண்டும். வண்டி வெறுமனே திரும்பி வரும் நேரத்துக்கும் வாடகை உண்டு. அந்த ஆண்டு ஏக்கருக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. விளைச்சல் பாதியாகக் குறைந்த ஆண்டில்தான் அறுவடைச் செலவு இரட்டிப்பானது. அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அது கிடைத்திராவிட்டால் அடுத்த ஆண்டு விதை நெல் வாங்கக்கூடக் கடன்பட்டிருப்போம்.

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம்தானே, தண்ணீர் இறைக்க டீசல் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. ஆழ்குழாய்க் கிணறும் மின் இணைப்பும் உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை பெரிய பாதுகாப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடலை ஒட்டிய எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் உப்பு. குழாய் இறக்கினாலும் அந்தத் தண்ணீரைப் பயிருக்குக் காட்ட முடியாது. மேட்டூரிலிருந்து வரும் வாய்க்கால் தண்ணீர் மட்டுமே எங்களுக்கு உண்டு. அது வயல் மட்டத்துக்குக் கீழே ஓடும்போது ஆயில் எஞ்சின் வைத்து இறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2023இல் ஜூன் 12ஆம் தேதி திறந்த மேட்டூர் அணை அக்டோபர் 10ஆம் தேதியே மூடப்பட்டது. அதன்பின் வாய்க்காலிலும் குட்டையிலும் தேங்கி நின்ற தண்ணீரை இறைத்து இறைத்துப் பயிரைக் காப்பாற்றப் பார்த்தோம். என் தந்தை இரவு இரண்டு மணிக்கு எழுந்து, ஐந்து லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்துபோய் எஞ்சினை நிரப்பிவிட்டு வருவார். எஞ்சினின் சத்தம் நின்றுவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் விழிப்பு வந்துவிடும். அந்தப் பருவத்தில் ஏக்கருக்கு முப்பத்தைந்து லிட்டர் இறைப்புக்கே ஆயிற்று. பீகார் மாநிலத்தில் வறட்சிக் காலத்தில் டீசலால் இறைக்கும் விவசாயிகளுக்கு அரசு மானியம் கொடுக்கிறது. இலவச மின்சாரத்தால் எந்தப் பயனும் பெற முடியாத கடைமடைக்காரர்களுக்காவது அத்தகைய மானியம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விலை ஏறுவதற்கான காரணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017 ஜூன் முதல் தினந்தோறும் விலை மாறும் முறை வந்தது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பது அதன் நியாயம். ஆனால் 2020இல் கச்சா எண்ணெய் விலை அடியோடு சரிந்தபோது, மார்ச்சில் மூன்று ரூபாயும் மே மாதத்தில் பதின்மூன்று ரூபாயுமாக டீசல் மீதான கலால் வரி உயர்த்தப்பட்டதால், அந்தச் சரிவின் பயன் உழவனின் வயலுக்கு வந்து சேரவில்லை. 2021 பிப்ரவரி முதல் டீசலுக்கு லிட்டருக்கு நான்கு ரூபாய் வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு வரியும் பிடிக்கப்படுகிறது. பிற வரிகளை அதற்கேற்பக் குறைத்ததால் அன்று விற்பனை விலை மாறவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் வேளாண்மையின் பெயரால் வரும் வரியை உழவுக்கு ஊற்றும் டீசலிலேயே உழவன் கட்டுகிறான் என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

நெல்லுக்கு அரசு அறிவிக்கும் ஆதரவு விலை உயரும்போது இதெல்லாம் ஈடாகிவிடாதா என்றால், ஓரளவு ஆகிறது. சாதாரண ரக நெல்லின் ஆதரவு விலை 2021-22இல் 1,940 ரூபாயாக இருந்து 2025-26இல் 2,369 ரூபாயாக உயர்ந்தது. டீசல் ஓரளவு நிலையாக நின்ற ஆண்டுகளில் எங்களால் மூச்சுவிட முடிந்தது. டீசல் வேகமாக ஏறும் ஆண்டில்தான் தாங்க முடிவதில்லை. 2020 மார்ச் இறுதியில் சென்னையில் 66 ரூபாய் அளவில் இருந்த டீசல், 2021 நவம்பர் தொடக்கத்தில் 102 ரூபாயைத் தாண்டியது. ஆதரவு விலையோ 1,868இலிருந்து 1,940 ஆனது, அதாவது நூற்றுக்கு நான்கு கூட உயரவில்லை. பருவத்துக்கு ஒருமுறை அறிவிக்கும் விலையைக் கொண்டு, எந்த நாளும் மாறக்கூடிய செலவை நாங்கள் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

எங்களால் ஆனதையும் செய்து பார்த்தோம். மூன்று ஆண்டுகளாகப் பாதி நிலத்தில் புழுதியிலேயே நேரடி விதைப்பு செய்கிறோம். அதனால் சேற்றுழவின் இரண்டரை மணி நேரம் மிச்சம். ஆனால் களை கூடுதலாக வருவதால் மிச்சத்தில் ஒரு பங்கு களையெடுப்புக் கூலிக்குப் போகிறது. அறுவடைக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்பே வடிகாலை வெட்டிவிடுகிறோம். அடுத்தடுத்த வயல்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரே நாளில் அறுப்பதால் வண்டி அலையும் நேரம் குறைகிறது. வேளாண் பொறியியல் துறையின் இயந்திரங்கள் வெளி வாடகையைவிடக் குறைவாகக் கிடைக்கும். ஆனால் எல்லோரும் ஒரே வாரத்தில் அறுக்கும்போது முறை வரும்வரை காத்திருக்க முடிவதில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு எங்கள் ஊர்க் கணக்கில் இதுதான் விடை: பத்து ரூபாய் உயர்வு நல்ல ஆண்டில் வாடகையோடு சேர்த்து ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய் வரை கூட்டும், சேறோ வறட்சியோ சேர்ந்துகொண்டால் இரண்டாயிரத்தை நெருங்கும். உங்கள் பகுதிக்குத் தனியாகக் கணக்குப் போடுவதாக இருந்தால், டீசல் விலையோடு டிராக்டரும் அறுவடை வண்டியும் எத்தனை மணி நேரம் ஓடின என்பதையும் தேதிவாரியாகக் குறித்து வாருங்கள்.