லயமும் கோட்டையும் – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

பள்ளி விடுமுறையில் கிள்ளானிலிருந்து பினாங்குக்குக் காரில் போனோம். ஹைவேயை விட்டுப் பழைய சாலையில் போகலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வழியில் பாழடைந்த கட்டடம் எது கண்ணில் பட்டாலும் நிறுத்தி, இறங்கிப் படம் எடுப்பது என் வழக்கம். கெல்லி கோட்டையிலேயே பாதி நாள் போய்விட்டது. உங்கள் ஊரான சுங்கை சிப்புட்டைத் தாண்டியதும் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) நடுவில் இடிந்த லயம் ஒன்று, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, தெரிந்தது. அங்கேயும் நிறுத்தினோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் அப்பா காரை விட்டு இறங்கவே இல்லை. "இதிலிருந்து வெளியே வரத்தானே பாடுபட்டோம், இதைப் போய் என்ன பார்க்கிறது?" என்றார். அப்போதிருந்து மனதுக்குள் ஓர் உறுத்தல். மற்றவர்கள் பட்ட கஷ்டத்தை நான் வேடிக்கை பார்க்கிறேனா? இவற்றை நின்று பார்ப்பதில் பயன் ஏதும் உண்டா?

அன்புடன்,
ப., கிள்ளான்

அன்புள்ள ப.,

நின்று பாருங்கள். அதில் தயக்கமே வேண்டாம். எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். கோட்டைக்கு அரை நாள், லயத்துக்குச் சாலையோரத்தில் சில நிமிடங்கள். உங்களைக் குறையாகச் சொல்லவில்லை, இந்த வழியாகப் போகிற எல்லோருமே அப்படித்தான். செங்கல் நூறு வருடம் நிற்கும். பலகை வீட்டை ஆள் இல்லாமல் விட்டால் சில மழைக்காலம்கூடத் தாங்காது. அதனால் சாலையில் போகிறவன் கண்ணில் படுவது பெரும்பாலும் காசு வைத்திருந்தவர்களின் வரலாறுதான்.

கெல்லி கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் அதைக் கட்டத் தொடங்கினார். 1926இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்துபோனார், வேலை பாதியில் நின்றது. கட்டியவர்கள் கடல் கடந்து வந்த நம் ஆட்கள். இடையில் ஸ்பானிஷ் காய்ச்சல் பரவி அவர்களில் பலர் செத்தார்கள். அதையொட்டித்தான் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் எழுந்தது. தொழிலாளர்கள் கேட்டார்கள், துரை கட்டிக்கொடுத்தார் என்பார்கள். கோயிலின் மேலே சாமி சிலைகளுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். அவர்தான் ஸ்மித் துரை. கோட்டைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர்கூட அந்தக் கோயிலை எட்டிப் பார்ப்பதில்லை. அந்தக் கோட்டையைப் பேய் பங்களா என்று வீடியோ எடுத்துப் போடுகிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பொறுக்கவே இல்லை. காய்ச்சலில் போனவர்களுக்குப் பேர் இருந்தது, ஊரில் கடிதத்துக்குக் காத்திருந்த அம்மா இருந்தாள்.

சரி, லயத்துக்கு வருவோம். நீங்கள் பார்த்ததில் வீடுகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு இருந்திருக்குமே? எங்கள் பகுதியில் பல லயங்கள் அப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க ஆங்கிலேயரின் அவசரகாலம் வந்தது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்த பிறகு, காட்டோரமாகச் சிதறிக் கிடந்த லயங்களைக் காலி செய்து, ஆட்களை ஒரே இடத்தில் குவித்து, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். காட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களை வாசலிலேயே நிறுத்திச் சோதித்தார்கள். துரை சுடப்பட்ட இடம் எது என்று கேட்டு இங்கே ஆள் வருவதுண்டு. முள்கம்பி எங்கே இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது அந்த லயங்களும் இல்லாமல் போகின்றன. செம்பனையை ஏறக்குறைய 25 வருடத்துக்கு ஒருமுறை அழித்து மறுநடவு செய்வார்கள். அந்தச் சமயத்தில் புல்டோசர் நுழைந்தால் இடிந்த லயமும் சேர்ந்து போகும். அதற்கு முன்பே நல்ல பலகையையும் தகரத்தையும் யாராவது கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனாலும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். செம்பனை வரிசைக்கு நடுவில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு செம்பருத்தி நின்றால் அங்கே குடியிருப்பு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலால் இலையை ஒதுக்கிப் பாருங்கள். வீட்டுத் தூண்களைத் தாங்கிய சிமெண்டுக் கட்டைகள் வரிசையாகத் தட்டுப்படும். முன்னால் நீளமாக ஒரு சிமெண்டு வாய்க்கால் ஓடும். அது முடிகிற இடத்தில் பொதுக் குழாயின் மேடை. துணி துவைத்துத் துவைத்து அதன் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கும். நான் அதிக நேரம் நிற்பது அந்த மேடையின் முன்னால்தான்.

புகைக்கூடம் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். உயரமாக, ஜன்னல் இல்லாமல் இருக்கும். பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, மிஷினில் அழுத்தித் தகடாக்கி, கழிகளில் தொங்கவிட்டு நாள்கணக்கில் புகை போடுவார்கள். தகடு காய்வதும் பூசணம் பிடிக்காமல் இருப்பதும் அந்தப் புகையால்தான். உள்சுவரில் விரலை வைத்தால் தார் போல ஒட்டும். மூடிப் பல வருடம் ஆன கூடத்திலும் அந்த நெடி போகாது.

இனி உங்கள் அப்பா. அவர் இறங்காததில் தப்பே இல்லை. தோட்டத்தில் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது எத்தனையோ குடும்பங்கள் போக்கிடம் இல்லாமல் நின்றன. எங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது அதனால்தான். அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவரிடம் இடிந்த லயத்தைக் காட்டி "எப்படி இருக்கிறது?" என்றால் அவர் என்ன சொல்வார்? மனதைப் பற்றிக் கேட்காதீர்கள், வேலையைப் பற்றிக் கேளுங்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு எத்தனை மணிக்கு? பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகை எந்தப் பக்கம்? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்களே, அப்போது வீட்டில் சோறு ஆக்கியது யார்? பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் விழுந்த பாலை மழை அடித்துக்கொண்டு போனால் அன்றைய கூலி என்ன ஆகும்? இதற்கெல்லாம் காரில் உட்கார்ந்தபடியே பதில் சொல்லலாம். அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள், லயத்தின் படத்தைவிட அதுதான் முக்கியம். நீங்கள் வேடிக்கை பார்க்கிறீர்களா என்ற கேள்விக்கு என் பதிலும் இதுதான்: யார் இருந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று கேட்கிறவர் வேடிக்கை பார்ப்பவர் ஆகமாட்டார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆள் இல்லாவிட்டாலும் அது ஒருவருடைய நிலம்தான். காவல்காரரான ஜாகாவிடமோ தோட்ட ஆபீசிலோ சொல்லிவிட்டு உள்ளே போங்கள். பலகைத் தரையில் கால் வைக்காதீர்கள். புல் மூடிய கிணறும் கூரைக்கு அடியில் குளவிக்கூடும் இருக்கும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மிக்கல்லோ பழைய மங்கோ கிடந்தால் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை தாப்பாவில் ஹைவேயை விட்டு இறங்கி, கம்பார், பத்து காஜா வழியாகப் பாப்பானுக்கு வாருங்கள். பிரதான வீதியில் 74ஆம் எண் வீடு, ஜப்பானியர் காலத்தில் சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்திய இடம். ஜப்பானியரை எதிர்த்து ஒளிந்திருந்த கெரில்லாக்களுக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்து, பிடிபட்டுச் சித்திரவதைப்பட்ட அம்மா அவர். அதே தெருவில் கூரை போய் மரம் முளைத்த வீடுகளும் உண்டு. அப்புறம் கோல கங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது, அதையும் பாருங்கள். நடுவில் எங்கள் ஊர்தான். வருவதற்கு ஒரு வாரம் முன்னால் எழுதுங்கள். தோட்டக் கணக்கு எழுதிய பழைய கிராணிமார், வேலையை மேற்பார்த்த மண்டோர்மார் சிலர் இங்கே இருக்கிறார்கள். அப்பாவுக்கு விருப்பம் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்கிறேன். அவருக்கு மனமில்லை என்றால் நீங்கள் மட்டும் வாருங்கள்.