வரைபடம் ஒன்று சொல்கிறது, தெரு வேறொன்று சொல்கிறது

கேள்வி: வேளச்சேரிப் பக்கம், வெளிநாட்டு நிதியில் வெள்ளத் தடுப்புத் திட்டம் ஒன்றை ஒருங்கிணைக்கிறேன். ஆலோசகர்களின் வரைபடம் 'ஆபத்தில்லை' என்று காட்டும் தெருவில், ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நிற்கிறது என்கிறார்கள் மக்கள். நிதி தருபவர்களோ ஆதாரம் கேட்கிறார்கள். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

பதில்: அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். இரண்டும் முட்டிக்கொள்ளும் அந்தத் தெருவில்தான் விஷயம் இருக்கிறது. வரைபடம் போட்டவரையும் தெருக்காரர்களையும் ஒன்றாக அங்கே நிற்க வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் நில உயரத் தரவில் ஒரு கட்டத்தின் பக்கம் தரையில் பெரும்பாலும் 30 மீட்டர். உயர்த்திப் போட்ட சாலையும், சிறுபாலத்தின் அடியில் அடைத்துக்கொண்ட குப்பையும் அதில் எங்கே தெரியப்போகிறது?

சரி, ஆதாரம். 2015 வெள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் 'இடுப்பளவு' என்பார்கள். "சுவரில் தொட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். சுவிட்ச் பாக்ஸ், ஜன்னல் விளிம்பு, மூன்றாவது படி என்று கை தானாகப் போகும். அங்கிருந்து சாலை மட்டம் வரை டேப் பிடியுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுத் தரையையோ சாலையையோ உயர்த்தியிருந்தால் அதையும் குறியுங்கள். நாலைந்து வீடுகளில் அளவு ஒத்துப்போனால், ஆலோசகர் தன் கணக்கைச் சரிபார்க்க அதுவே போதுமான தரவு.

கூட்டம் போட்டால் சங்கத் தலைவர்தான் பேசுவார். தண்ணீர் வாசல் வழியாக வந்ததா, கழிவறைக் குழாயில் எதுக்களித்து வந்ததா என்பது அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிய பெண்ணுக்குத்தான் தெரியும். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு.

இந்த மோதல் புதிதல்ல. ஜெர்மன் வங்கிக் கடனில் சென்னையின் தெற்கே கோவளம் வடிநிலத்தில் மழைநீர் வடிகால் போட வந்தபோது, கிழக்குக் கடற்கரைச் சாலைவாசிகள் "மணல் தரை, தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்" என்றார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வரைபடம் போடும்போதே அவர்களைக் கேட்டிருக்கலாம்.

அதற்காக ஊர்ச் சொல்லெல்லாம் வேதவாக்கு என்றில்லை. வங்கதேசத்தில் 1970களிலிருந்து யுனிசெஃப் உதவியுடன் குழாய்க் கிணறுகள் தோண்டினார்கள். அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நச்சு இருப்பது 1990களில்தான் பெரிதாக வெளியே வந்தது. நாக்குக்கும் தெரியவில்லை, நிபுணரும் சோதிக்கவில்லை. சிலதற்கு ஆய்வகம்தான் வழி.

அப்புறம், காசு. ஆலோசகருக்கு நாள் கட்டணம், தெருக்காரருக்கு டீயும் சமோசாவும் என்பது நியாயமில்லை. அவர்கள் நேரத்துக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி கேளுங்கள். அறிக்கையில் மக்கள் சொன்னதைப் பின்னிணைப்பில் பெட்டி கட்டி ஒதுக்காமல், ஒரே அட்டவணையில் ஆலோசகரின் கணக்கு சொல்லும் நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே சுவர் அளவையும் போடுங்கள். பொருந்தாத வரிகளை அழிக்க வேண்டாம், அடுத்த மழையில் எங்கே போய்ப் பார்ப்பது என்பதை அவைதான் காட்டும்.