ரெட்டும் ப்ளூவும் ஒரே ரூம்ல: கேள்வி பதில்

அமெரிக்காவுல ரிபப்ளிகன் (ரெட்), டெமாக்ரட் (ப்ளூ) ரெண்டு கட்சி பக்கத்து ஆளுங்களயும் நேர்ல உக்கார வச்சு பேச வைக்கிற ப்ரேவர் ஏஞ்சல்ஸ் அமைப்புல நான் வாலன்டியர். கேள்வி இருந்தா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்ததுக்கெல்லாம் பதில் கீழ.

கே: இது எப்படி ஆரம்பிச்சுது?
2016 எலெக்ஷன் முடிஞ்ச கையோட, டிசம்பர்ல, ஒஹாயோவுல சவுத் லெபனான்ங்கிற சின்ன ஊர்ல. ட்ரம்ப்புக்கு ஓட்டு போட்டவங்க 10 பேர், ஹிலாரிக்கு போட்டவங்க 11 பேர். பேச்ச எப்படி கொண்டுபோகணும்னு டிசைன் பண்ண பில் டோஹர்ட்டி அரசியல்வாதியே இல்ல, ஃபேமிலி தெரபிஸ்ட். டைவர்ஸ் வாசல்ல நிக்கிற புருஷன் பொண்டாட்டிய பேச வச்சு பழக்கப்பட்டவர், இதுக்கு சரியான ஆளுதான்னு நான் சொல்வேன்.

கே: உள்ள என்ன நடக்கும்? அடிதடி ஆகாதா?
ஆகாது, ஏன்னா எடுத்த எடுப்புல யாரயும் விவாதம் பண்ண விடுறதில்ல. மொதல்ல ரெண்டு குரூப்பும் தனித்தனி ரூம்க்கு போய், எதிர்ப்பக்கம் நம்மள பத்தி என்ன தப்பா நினைக்குதுன்னு லிஸ்ட் போடணும். ரெட் ஆளுங்க, "எங்கள இனவெறி புடிச்சவங்கன்னு நினைக்கிறாங்க"ன்னு எழுதுவாங்க, ப்ளூ ஆளுங்க, "எங்கள தேசப்பற்று இல்லாதவங்கன்னு நினைக்கிறாங்க"ன்னு எழுதுவாங்க. அது ஏன் தப்பு, நிஜம் என்னன்னு எழுதணும், அதுவரைக்கும் ஈஸி, அப்புறம் அதுல கொஞ்சமாச்சும் உண்மை இருக்கான்னும் எழுதணும், இங்கதான் ரூமே கப்சிப்னு ஆகும். திரும்பி வந்து எல்லார் முன்னாடியும் அத அவங்க வாயாலயே சொல்றப்போ எதிர்ல இருக்கறவன் மூஞ்சி மாறும் பாருங்க, இவனே ஒத்துக்கறானே, இனி நான் எதுக்கு குத்திக்காட்டணும்னு. என்னக் கேட்டா மொத்த ஒர்க்‌ஷாப்போட உயிரே இதுலதான் இருக்கு, மத்ததெல்லாம் அப்புறம்.

கே: யாராச்சும் கட்சி மாறினாங்களா?
அதுக்கு நடத்துறதே இல்லைங்க. ஆள் புடிக்கிற வேலைன்னு வாசனை வந்தா அடுத்த தடவ ஒருத்தரும் வர மாட்டாங்க.

கே: நிஜமாவே பலன் இருக்கா, இல்ல ஃபீல் குட் சமாச்சாரமா?
நியாயமான கேள்வி. 2022ல சன்டோரோ, ப்ரூக்மேன்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, எங்க ஒர்க்‌ஷாப் மேல இல்ல, வீடியோ கால்ல ரெண்டு கட்சிக்காரங்களையும் ஜோடி சேத்து பேச விட்டது. உங்களுக்கு ஒரு நாள் எப்படி போனா சூப்பரா இருக்கும்னு பேசினவங்களுக்கு வெறுப்பு நல்லா கொறஞ்சுது, என் கட்சி ஏன் உசத்தி, உன் கட்சி ஏன் மோசம்னு பேசினவங்களுக்கு கொறயல. கொறஞ்சதும் மூணு மாசத்துல காணாம போச்சு. அதனால ஒரு தடவ உக்காந்து காபி குடிச்சா நாடு திருந்திடும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, திரும்பத் திரும்ப பாத்து பேசிக்கற மாதிரி ஏற்பாடு இருக்கணும்.

கே: தங்கச்சி வீட்டுக்காரர் தீவிர ட்ரம்ப் ஆளு, தேங்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு வர்றார், என்ன பண்றது?
சாப்பாட்டு டேபிள்ல ஆரம்பிக்காதீங்க, நாலு பேர் பாக்குறப்போ யாரும் எறங்கி வர மாட்டாங்க. கடைக்கு போறப்போ கூட கூட்டிட்டு போங்க. "எப்படி மாப்ள அந்தாளுக்கு போய் ஓட்டு போட்டீங்க"ன்னு இல்லாம, "இந்த இமிக்ரேஷன் விஷயத்துல உங்களுக்கு எது ரொம்ப உறுத்துது மாப்ள?"ன்னு கேளுங்க. அவர் சொன்னத ஒரு தடவ நீங்க திருப்பி சொல்லி சரியான்னு கேட்டுட்டு அப்புறம் உங்க கத. முடிஞ்சா உங்க கட்சி மேல உங்களுக்கே இருக்கற ஒரு கடுப்பையும் போட்டு உடைங்க.

கே: கேவலமா பேசுறவன் கூடவும் உக்காரணுமா?
தேவையே இல்ல. உங்கள மனுஷனாவே மதிக்காதவன் கூட பேசித்தான் ஆகணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது, எழுந்து வந்துடுங்க.