பி.டி. பீரியட்: வாசகர் கேள்வி பதில்

பள்ளியில் உடற்கல்வி சொல்லித்தர ஆசிரியர்களை எப்படித் தயார் செய்வது என்பது பற்றி வந்த கேள்விகளில் சில. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நான் தொடக்கப் பள்ளியில் வகுப்பாசிரியை. உடற்கல்விக்குத் தனி ஆசிரியர் இல்லாததால் அதையும் நானே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள், அறைக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்ததோடு சரி. எனக்கு எந்த விளையாட்டும் வராது. நாற்பது பிள்ளைகள், நாலைந்து பந்துகள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: விளையாட்டு வராது என்பதைப் பெரிய குறையாக நினைக்காதீர்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு நீங்கள் வாலிபாலோ கால்பந்தோ சொல்லித்தரப் போவதில்லை. ஓடுவது, தாவுவது, நொண்டியடிப்பது, குதித்துத் தடுமாறாமல் தரையில் இறங்குவது, எறிவது, பிடிப்பது, உதைப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, இவைதான் பாடம். இதெல்லாம் வளர வளரத் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டம் ஓரளவு வரும், ஆனால் எறிவதும் பிடிப்பதும் யாராவது சொல்லிக்கொடுக்காமல் பலருக்கு ஒழுங்காக வருவதில்லை. பத்து வயதில் பந்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைதான் பெரும்பாலும் பதினைந்து வயதில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்காருகிறது.

ஒவ்வொரு அசைவிலும் நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டு மூன்று விஷயம்தான். எறியும்போது பக்கவாட்டில் திரும்பி நிற்கிறானா, எறியும் கைக்கு எதிர்ப்பக்கக் கால் முன்னால் வருகிறதா, எறிந்த பிறகு கை உடம்பின் குறுக்கே மறுபக்க இடுப்பு வரை போகிறதா என்று பாருங்கள். வலது கையால் எறியும் பிள்ளை வலது காலையே முன்னால் வைப்பதை நிறையப் பார்ப்பீர்கள். பிடிப்பதில், பந்து மார்புக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் பக்கத்தில் பக்கத்தில், இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், பந்து கையில் பட்டதும் கை உடம்பை நோக்கிக் கொஞ்சம் பின்வாங்கட்டும். ஒரு வகுப்புக்கு ஒரு குறிப்பு போதும். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் பிள்ளை ஒன்றையும் செய்யாது.

அடுத்தது வரிசை. நாற்பது பேரை ஒரே வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக வந்து எறியச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 15 விநாடி என்றாலும் ஒரு சுற்று முடிய 10 நிமிடம் ஆகும், அதாவது 40 நிமிட வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது நாலே நாலு எறி. மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவன் முதுகைப் பார்த்துக்கொண்டு, அவனைக் கிள்ளிக்கொண்டு, அதற்கு உங்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதற்குப் பதிலாகப் பழைய செய்தித்தாளைக் கசக்கி மேலே டேப் சுற்றி 20 பந்து செய்து, இரண்டிரண்டு பேராகப் பிரித்து விட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் ஏறக்குறைய முப்பது முறை எறிந்துவிடுவார்கள். பந்து செய்யும் வேலையையும் பிள்ளைகளிடமே கொடுத்துவிடலாம். உங்களுக்கு நடந்த பயிற்சியில் முதல் மணி நேரத்திலேயே சொல்லியிருக்க வேண்டிய கணக்கு இது.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. வாரத்துக்கு இரண்டு பீரியடில் அது நிறையவே நிறையாது. வகுப்புக்கு வெளியேயும் விளையாடப் போகும் அளவுக்குத் திறமையும் ஆசையும் கொடுத்து அனுப்புவதுதான் உங்கள் வேலை. அதற்கு நீங்கள் நன்றாக விளையாட வேண்டும் என்ற அவசியமே இல்லை.

கேள்வி: பன்னிரண்டு வயதிலிருந்து போட்டிகளில் ஆடுகிறேன், பதக்கங்களும் உண்டு. இப்போது உடற்கல்வி ஆசிரியர் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். கற்பித்தல் முறைகள், குழந்தை உளவியல் என்று ஏகப்பட்ட பாடங்கள். விளையாட்டு தெரிந்த எனக்கு இதெல்லாம் எதற்கு?

பதில்: உங்களுக்குத்தான் அதிகம் தேவை என்பேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் உடம்புக்குத் தெரிந்தது உங்கள் வாய்க்குத் தெரியாது. ஸ்மாஷ் அடிக்கும்போது எந்தக் காலை எப்போது எடுத்து வைக்கிறீர்கள் என்று கேட்டால் எழுந்து நின்று ஒருமுறை செய்து பார்த்துத்தான் சொல்வீர்கள். இன்னொன்று, உங்களோடு ஆடியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஆர்வமும் திறமையும் இருந்ததால் தேர்வு செய்யப்பட்டவர்கள். பள்ளி வகுப்பில் யாரையும் தேர்வு செய்ய முடியாது, வந்திருப்பவர்கள் அத்தனை பேருக்கும் சொல்லித்தர வேண்டும். கோச்சும் ஆசிரியரும் பிரியும் இடம் இதுதான்.

கற்பித்தல் முறைகளில் மஸ்கா மாஸ்டன் என்ற உடற்கல்வி அறிஞரின் பெயர் கட்டாயம் வரும். கற்பிக்கும் பாணிகளுக்கு 1966-ல் அவர் முன்வைத்த வகைப்பாட்டைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுபவர்கள் அதிகம். அடிப்படையில் அவர் கேட்டது ஒரே கேள்வி: வகுப்பில் முடிவுகளை எடுப்பது யார்? எல்லாவற்றையும் ஆசிரியரே முடிவு செய்து விசிலுக்கு விசில் செய்ய வைப்பது ஒரு எல்லை, என்ன செய்வது எப்படிச் செய்வது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிப்பது மறு எல்லை. ஈட்டி எறிவதில் எல்லா முடிவும் ஆசிரியருடையதாகவே இருக்க வேண்டும், எல்லோரும் எறிந்து முடித்த பிறகு சொன்னால்தான் எடுக்கப் போக வேண்டும். பாதுகாப்பு விஷயத்தில் ஜனநாயகம் கிடையாது. ஜிம்னாஸ்டிக்ஸில் மூன்று அசைவுகளைக் கோத்து ஒரு தொடர் அமைப்பதென்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

அதேபோல 1982-ல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியர்களைத் தயார் செய்த டேவிட் பங்க்கரும் ராட் தோர்ப்பும் சொன்னதையும் ஊன்றிப் படியுங்கள். முதலில் டிரில், டிரில், டிரில் (ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பழகுவது), கடைசிப் பத்து நிமிடம் மட்டும் ஆட்டம் என்ற பழக்கத்தை அவர்கள் தலைகீழாக்கினார்கள். சின்ன இடத்தில் மூன்றுக்கு மூன்று பேரை ஆட விடுங்கள். நடுவில் நிறுத்தி, எதிராளி எல்லோரும் முன்னால் நிற்கும்போது பந்தை எங்கே அனுப்பியிருக்கலாம் என்று கேளுங்கள். பின்னால் உயரமாக அனுப்பலாம் என்று பிள்ளையே சொல்லும், ஆனால் அதற்கு அப்படி அடிக்கத் தெரியாது. அந்த நேரத்தில் அந்த அடியைச் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளும், எதற்கென்று தெரிந்துவிட்டதல்லவா. டிரிலே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, எப்போது என்பதைத்தான் மாற்றினார்கள்.

கேள்வி: கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போகிறேன். மைதானத்துக்கு வந்ததும் பிள்ளைகள் சிதறிவிடுகிறார்கள், கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.

பதில்: பந்தைக் கொடுப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். கையில் பந்து வந்த பிறகு யார் காதிலும் எதுவும் ஏறாது. விசில் கேட்டால் பந்தைக் கால்களுக்கு நடுவில் வைத்துவிட்டு நிற்க வேண்டும் என்று முதல் வாரமே பழக்குங்கள், அதற்காக ஒரு வகுப்பே போனாலும் பரவாயில்லை. வெயில் உங்கள் முகத்தில் படட்டும், அவர்கள் முகத்தில் வேண்டாம். வகுப்பின் நடுவில் நிற்காமல் ஓரத்தில் நின்றால் எல்லோரும் கண்ணில் படுவார்கள். எல்லை தெரிய நாலு மூலையிலும் ஏதாவது வையுங்கள், செருப்பு கூடப் போதும்.

கேள்வி: தவறு செய்தவர்களை மைதானத்தைச் சுற்றி ஓட விடுவது சரியா?

பதில்: சரியில்லை. தமிழ்ப் பாட ஆசிரியர் தண்டனையாகக் கவிதை படிக்கச் சொன்னால் பிள்ளைக்குக் கவிதை பிடிக்குமா?

கேள்வி: என் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். இதுவரை ஸ்கோர் எழுதும் வேலைதான் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சியில் இதைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை.

பதில்: பல பயிற்சிகளில் இது கடைசி நாள் மாலையில் அரை மணி நேரமாக வந்துபோகிறது. முதலில் அந்த மாணவியிடமே கேளுங்கள், தன்னால் எது முடியும் என்பது அவளுக்குத்தான் தெரியும். பிறகு நாலு விஷயங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்: இடம், செய்யும் வேலை, கருவி, ஆட்கள். தளம் கெட்டியாகவும் சமமாகவும் இருக்கட்டும், பந்து பெரியதாகவும் மெதுவாக வருவதாகவும் இருக்கட்டும், அணியில் ஆட்களைக் குறைத்தால் அவள் கைக்குப் பந்து வரும். அவளால் நாற்காலியை விட்டுத் தரையில் வசதியாக உட்கார முடியும், அவளுக்கும் விருப்பம் என்றால் வகுப்பையே தரையில் உட்கார வைத்து வாலிபால் ஆட விடுங்கள். ஆண்களுக்கு 1980 முதலும் பெண்களுக்கு 2004 முதலும் பாராலிம்பிக்கில் நடக்கும் முறையான விளையாட்டு அது, ஆடுகளம் 10 மீட்டருக்கு 6 மீட்டர்தான். நின்று ஆடும்போது கெட்டிக்காரர்களாக இருந்தவர்கள் உட்கார்ந்ததும் திணறுவதைப் பார்க்கலாம். ஸ்கோர் எழுதும் வேலை எல்லோருக்கும் முறை வைத்து வரட்டும்.

கேள்வி: பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் உடற்கல்விப் பயிற்சி நடத்தப் போகிறோம். எதை வைப்பது, எதை விடுவது?

பதில்: விளையாட்டுகளின் வரலாறு, ஆடுகள அளவுகள் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், அவற்றை அச்சடித்துக் கையில் கொடுத்தால் போதும். முதலுதவியைக் கட்டாயம் வையுங்கள், அதையும் செய்து பார்க்கும் வகுப்பாகவே. இதயம் நின்றுபோனவருக்குச் செய்யும் மார்பு அழுத்தத்தை நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்ற வேகத்தில் பொம்மையின் மேல் அழுத்திப் பார்த்தால்தான் கைக்குப் பழகும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சியோ என்று சந்தேகம் வந்தால் அந்தப் பிள்ளையை அன்றைக்குத் திரும்ப ஆட விடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள், “ஒன்றுமில்லை சார், ஆடுகிறேன்” என்றுதான் பிள்ளை சொல்லும்.

இரண்டாம் நாள் உண்மையான பிள்ளைகளை வரவழையுங்கள். ஆசிரியர்களே ஒருவருக்கொருவர் மாணவராக நடித்தால் எல்லோரும் சொன்னபடி கேட்பார்கள், அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஒருவர் பத்து நிமிடம் பாடம் எடுக்கும்போது இன்னொருவர் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்து, ஒரே ஒரு பிள்ளையை, அதிலும் பின்னால் ஒதுங்கி நிற்கும் பிள்ளையை, மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை அசையும்போது ஸ்டாப்வாட்சை ஓட விட வேண்டும், பிள்ளை நின்றால் அதை நிறுத்த வேண்டும். பாடம் எடுத்தவர் என்ன சொன்னாலும் அந்த எண் பொய் சொல்லாது. வகுப்பு நேரத்தில் பாதியாவது பிள்ளைகள் அசைந்துகொண்டிருக்க வேண்டும் என்பது பரவலாக வைக்கப்படும் இலக்கு, அதை ஒட்டி அடுத்த பத்து நிமிடத்தைத் திட்டமிடச் சொல்லுங்கள்.

அப்புறம், பயிற்சி முடிந்து ஆறு வாரம் கழித்து யாராவது அந்தப் பள்ளிகளுக்குப் போய் ஒரு வகுப்பைப் பார்க்க ஏற்பாடு செய்ய முடியுமா பாருங்கள். அதற்குப் பணமில்லை என்றால் இரண்டு நாளை ஒரு நாளாகக் குறைத்துவிட்டு அந்தச் செலவை இதற்குத் திருப்பிவிடலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் மணி நேரத்தை மட்டும் உட்கார்ந்து பேசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் ஐம்பது வயது ஆசிரியர்களைத் தாவச் சொன்னால் அடுத்த பயிற்சிக்கு ஒருவரும் வர மாட்டார்கள்.