கணினி கேள்வி – பதில்: லினக்ஸில் ஒலி எந்த இடத்தில் நிற்கிறது?

கேள்வி: எங்கள் வீட்டு மேசைக் கணினியில் லினக்ஸ் மின்ட் 22 பயன்படுத்துகிறோம். விஜிஏ கேபிளில் இயங்கிய பழைய மானிட்டரை எடுத்துவிட்டு, எச்டிஎம்ஐ கேபிளில் இணையும் புதிய மானிட்டரை மாட்டிய நாளிலிருந்து ஸ்பீக்கரில் ஒலி வருவதில்லை. வீடியோ ஓடுகிறது, ஒலி அளவையும் கூட்டிக் குறைக்க முடிகிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. மதர்போர்டில் உள்ள சவுண்டு சிப் போய்விட்டது என்கிறார் பழுது பார்ப்பவர். லினக்ஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடைக்கான தடயம் இருக்கிறது. மானிட்டரை மாற்றிய நாளிலிருந்துதான் ஒலி இல்லை என்கிறீர்கள். விஜிஏ கேபிள் படத்தை மட்டுமே கொண்டுசெல்லும். எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு ஒலியையும் சேர்த்துக் கொண்டுசெல்லும். புதிய மானிட்டரைக் கண்டதும் கணினி ஒலியை அதற்குத் திருப்பிவிட்டிருக்க வேண்டும். மானிட்டருக்குள் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் இது நடக்கும். பல மானிட்டர்களின் பின்புறத்தில் இயர்போன் மாட்டும் துளை ஒன்று இருப்பதால், 'என்னால் ஒலியை வாங்கிக்கொள்ள முடியும்' என்று அவை கணினிக்குத் தெரிவித்துவிடுகின்றன. உங்கள் மானிட்டரில் அப்படி ஒரு துளை இருந்தால் ஒரு இயர்போனை அதில் செருகி, ஏதேனும் ஒரு பாட்டை ஓடவிட்டுக் கேளுங்கள். பாட்டு அங்கே கேட்டால் கணினி ஒலியை ஒழுங்காகவே அனுப்பிக்கொண்டிருக்கிறது, போய்ச் சேரும் இடம்தான் மாறிவிட்டது என்பது உறுதியாகிவிடும்.

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையென்றால் மடை மடையாகப் பார்த்துக்கொண்டு போவதைப் போல, ஒலியையும் அது கடந்து வரும் ஒவ்வொரு கட்டமாகப் பின்தொடர்வதுதான் சரியான முறை. பாட்டை ஓட்டும் செயலி ஒலியைப் பைப்வயர் என்ற சேவையிடம் கொடுக்கிறது. எந்தச் சாதனத்துக்கு அதை அனுப்புவது என்பதைப் பைப்வயரோடு சேர்ந்து இயங்கும் வயர்பிளம்பர் தீர்மானிக்கிறது. அங்கிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கும் ஆல்சா என்ற பகுதி அதைப் பெற்று மதர்போர்டில் உள்ள சிப்புக்குத் தருகிறது. சிப்பிலிருந்து கம்பி வழியாக ஸ்பீக்கருக்கு வருகிறது. இத்தனை கட்டங்களில் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் சிப் போய்விட்டது என்று சொல்வது நியாயமன்று.

எளிதானது கம்பி என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம். ஸ்பீக்கரின் கம்பியைக் கணினியிலிருந்து உருவி ஒரு கைப்பேசியில் மாட்டிப் பாருங்கள். அங்கே ஒலித்தால் ஸ்பீக்கரும் கம்பியும் நலம். மறுபடி கணினியில் மாட்டும்போது, கேபினட்டின் பின்புறத்தில் பச்சை நிறத் துளையில் மாட்டுகிறோமா என்பதைக் கவனியுங்கள். இளஞ்சிவப்பு மைக்குக்கு உரியது, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவது. மானிட்டர் மாற்றுவதற்காகப் பின்பக்கத்துக் கம்பிகளையெல்லாம் கழற்றி மாட்டும்போது இவை இடம் மாறிப்போவது சாதாரணமாக நடப்பதுதான்.

அடுத்து, மென்பொருள் நிறுவியிலிருந்து பாவுகன்ட்ரோல் என்ற சிறு செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். மெனுவில் அது பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல் என்ற பெயரில் இருக்கும். லினக்ஸ் ஒலிச் சிக்கல்களுக்கு இதைவிடத் தெளிவாக வழிகாட்டும் கருவி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திறந்து, பிளேபேக் என்ற தாவலைப் பாருங்கள். பாட்டை ஓட்டும் செயலியின் பெயரும், அதன் கீழே இசைக்கு ஏற்ப நீண்டு சுருங்கும் ஒரு பட்டையும் தெரியும். பட்டை அசைந்தால் செயலியிலிருந்து பைப்வயர் வரை ஒலி வந்துவிட்டது என்று பொருள். அந்த ஒலி எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்பது அதே வரிசையின் வலப்பக்கத்தில் எழுதியிருக்கும். உங்கள் கணினியில் அங்கே எச்டிஎம்ஐ என்றுதான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

அதைச் சொடுக்கிப் பார்த்தால் ஸ்பீக்கரின் பெயரே பட்டியலில் இல்லாமல் போகலாம். பலர் திகைத்துப்போய் சிப் பழுது என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெரும்பாலான இன்டெல் கணினிகளில் பச்சைத் துளைக்குப் போகும் ஒலியும் எச்டிஎம்ஐக்குப் போகும் ஒலியும் ஒரே சவுண்டு கார்டின் இரு வழிகளாகவே கணக்கிடப்படுகின்றன. ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தால் மற்றது பட்டியலிலிருந்து மறைந்துவிடும். எனவே கடைசித் தாவலான கான்ஃபிகரேஷனுக்குச் சென்று, பில்ட்-இன் ஆடியோ என்பதற்குக் கீழே உள்ள ப்ரொஃபைல் பட்டியலில் அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதற்கென்று இன்னொரு பெயர் அங்கே இருக்கும்; மானிட்டர் வழியாக ஒலி உங்களுக்கு எப்போதுமே தேவையில்லை என்றால் அதன் ப்ரொஃபைலை ஆஃப் என்று வைத்துவிடலாம். நீங்கள் கையால் செய்த தேர்வை வயர்பிளம்பர் நினைவில் வைத்துக்கொள்ளும்.

இதோடு சிக்கல் தீர்ந்துவிடும் என்றே நம்புகிறேன். தீராவிட்டால், கட்டளைகளைத் தட்டச்சு செய்வதற்கான டெர்மினல் என்ற செயலியைத் திறந்து ஆல்சாமிக்சர் என்ற கட்டளையைக் கொடுங்கள். (இந்தப் பகுதியில் தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.) எஃப்6 விசையை அழுத்தி உங்கள் சவுண்டு கார்டைத் தேர்ந்தெடுத்தால், நெடுக்காகப் பல தூண்கள் தெரியும். ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் 00 என்றிருந்தால் வழி திறந்திருக்கிறது, எம்எம் என்றிருந்தால் மூடியிருக்கிறது. மாஸ்டர், ஃப்ரண்ட், லைன் அவுட் போன்றவற்றில் எம்எம் இருந்தால் அம்பு விசையால் அங்கே சென்று எம் விசையை ஒருமுறை அழுத்தித் திறந்துவிட்டு, மேல் அம்பால் அளவை உயர்த்துங்கள். அதே வரிசையில் ஆட்டோ-மியூட் மோடு என்று ஒன்று இருந்தால் அதை டிஸேபிள்டு ஆக்கிப் பாருங்கள். முன்பக்கத் துளையில் ஹெட்போன் மாட்டியவுடன் பின்பக்கத்து ஸ்பீக்கரை அடக்குவது அதன் வேலை. முன்பக்கத்து இணைப்பில் கோளாறு இருந்தால், ஹெட்போன் மாட்டாதபோதும் மாட்டியிருப்பதாகக் கருதி ஸ்பீக்கரை அடக்கியே வைத்திருக்கும். மாற்றிய பின், சூடோ ஆல்சாசிடிஎல் ஸ்டோர் என்று கொடுத்தால் அது நிலைத்திருக்கும்.

இதற்குப் பிறகும் ஒலி வரவில்லையென்றால், சிப் மீது சந்தேகப்படுவதற்கு முன் லினக்ஸ் மின்டை ஒரு பென் டிரைவில் எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கி, அங்கும் மேலே சொன்ன ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்துக் கேட்டுப் பாருங்கள். அங்கே ஒலித்தால் சிப்பில் குறையே இல்லை. அங்கும் மௌனம் என்றால்தான் பழுது பார்ப்பவர் சொன்னதைக் கருத வேண்டும். அப்போதும் மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை, யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்றே போதும்.

நண்பர் சொன்னதைப் போல, அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்லும் அறிவுரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பல, பைப்வயருக்கு முன்பிருந்த பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவையின் காலத்தில் எழுதப்பட்டவை. 2007-இல் ஃபெடோரா 8-லும் 2008-இல் உபுண்டு 8.04-லும் இயல்பாக இடம்பெற்ற பல்ஸ்ஆடியோவின் இடத்துக்கு இப்போது பைப்வயர் வந்துவிட்டது. 2021-இல் ஃபெடோரா 34-இல் தொடங்கி, 2022-இல் உபுண்டு 22.10-க்கும், 2024-இல் உங்கள் லினக்ஸ் மின்ட் 22-க்கும் அது வந்தது. எனவே 'பல்ஸ்ஆடியோவை நீக்கிவிட்டு மறுபடி நிறுவு' என்ற பழைய அறிவுரையை இன்றைய கணினியில் பின்பற்றினால், நன்றாக இருக்கும் பகுதிகளும் கூடவே நீங்கிப்போகும் அபாயம் உண்டு. எந்தக் குறிப்பைப் பின்பற்றும் முன்னும் அது எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள்.

கேள்வி: புதுப்பித்தலுக்குப் பிறகு, ஒலி அமைப்பில் ஸ்பீக்கரின் பெயர் இருந்த இடத்தில் டம்மி அவுட்புட் என்று மட்டும் காட்டுகிறது. சவுண்டு கார்டு எரிந்துவிட்டதா?
– வாசகர், மதுரை

பதில்: எரிந்துவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை. அனுப்புவதற்குச் சாதனம் எதுவும் பைப்வயருக்குக் கிடைக்கவில்லை என்பதே பொருள். டெர்மினலில் ஏபிளே -எல் என்று கொடுங்கள். கார்டுகளின் பட்டியல் வந்தால் கெர்னல் உங்கள் கார்டைக் கண்டிருக்கிறது, பைப்வயர்தான் தவறவிட்டிருக்கிறது. சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ் வயர்பிளம்பர் என்ற கட்டளையால் மூன்றையும் மறுபடி தொடங்குங்கள். இதற்கு முன்னால் சூடோ சேர்க்கக் கூடாது. இவை உங்கள் பயனர் கணக்கின் கீழ் இயங்குபவை.

கார்டு எதுவும் இல்லை என்று வந்தால், கணினி தொடங்கும்போது க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாகச் சென்று பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒலி வந்தால் புதிய கெர்னலில்தான் குறை. அடுத்த புதுப்பித்தல் வரும்வரை பழையதிலேயே இருக்கலாம். அதிலும் வராவிட்டால், மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் ஆடியோ கன்ட்ரோலர் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதே கணினியில் விண்டோஸும் இருந்தால் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்து முழுமையாக நிறுத்திவிட்டு, மின்கம்பியைச் சற்று நேரம் உருவி வைத்து, பிறகு லினக்ஸைத் தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: பார்வையற்ற என் தம்பி உபுண்டு 24.04-இல் ஓர்கா திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறான். ஒவ்வொரு முறையும் முதல் சொல் பாதி விழுங்கப்பட்டே கேட்கிறது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பேசும்போதுதான் இப்படி ஆகிறது.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பார்க்கக்கூடியவருக்கு ஒலி போனால் பாட்டுதான் போகும், உங்கள் தம்பிக்கோ திரையே போய்விடுகிறது. எனவே இதைச் சிறிய குறையென்று விட்டுவிடக் கூடாது. நீங்கள் கவனித்துச் சொன்ன அந்தக் கடைசி வரியே காரணத்தையும் காட்டிவிடுகிறது. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக, சற்று நேரம் ஒலி இல்லையென்றால் சவுண்டு சிப் உறங்கிவிடுகிறது; மறுபடி விழிப்பதற்குள் முதல் அசை கடந்துபோகிறது.

எட்சி கோப்புறைக்குள் இருக்கும் மோட்ப்ரோப்.டி என்ற கோப்புறையில், நிர்வாகி உரிமையுடன், கான்ஃப் என்ற பின்னொட்டுடன் ஒரு புதிய கோப்பை உருவாக்கி, அதில் ஆப்ஷன்ஸ் எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல் பவர்_சேவ்=0 என்ற ஒரே வரியை எழுதிச் சேமித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். பிறகும் முதல் சொல் சிதைந்தால் வயர்பிளம்பரையும் மாற்ற வேண்டியிருக்கும். 5 விநாடி ஒலி இல்லாவிட்டால் அதுவும் சாதனத்தை நிறுத்தி வைக்கும். செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ் என்ற அமைப்பை 0 ஆக்கினால் அது நிறுத்தாது. உபுண்டு 24.04-இல் இருப்பது வயர்பிளம்பர் 0.4, அதன் அமைப்புக் கோப்புகள் லுவா மொழியில் இருக்கும். 0.5 முதல் கோப்பின் வடிவமே மாறிவிட்டதால், மாதிரிக் கோப்பு எதையேனும் நகலெடுப்பதானால் 0.4-க்கு உரியதையே எடுங்கள். மாற்றங்களைச் செய்யும்போது ஓர்காவும் இடையில் மௌனமாகலாம். ஒலி திரும்பும் வரை நீங்களோ திரையைப் பார்த்துச் சொல்லக்கூடிய வேறு ஒருவரோ தம்பியின் அருகில் இருங்கள்.